கதவைத் திறக்காமல் கணக்குக் காட்டுவது எப்படி?

விராலிமலைப் பக்கம் ஒரு தொழிற்கூடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரும்புக் குழாய்களை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து அனுப்புவது அதன் வேலை. திருச்சியில் பெல் ஆலை வந்த பிறகு அதை நம்பி வளர்ந்த கூடங்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. திருமயத்தில் பெல்லின் குழாய்ப் பிரிவே இயங்குகிறது. நம் கூடத்தின் அலுவலக அறையில் ஒரு சர்வர் இருக்கிறது. எத்தனை டன் குழாய் வந்தது, எந்த ஆர்டரில் எத்தனை வெல்டு முடிந்தது, எது சோதனையில் தேறவில்லை, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதிலுள்ள டேட்டாபேஸில் வரிசையாகப் பதிவாகின்றன. கூடத்தில் பங்கு போட்டிருக்கும் தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அண்ணன் இங்கே இருந்து நடத்துகிறார். புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

நேற்றைய உற்பத்தியும் வர வேண்டிய பாக்கியும் தன் கைப்பேசியில் படமாகத் தெரிய வேண்டும் என்கிறார் தம்பி. அப்படிக் காட்டும் டாஷ்போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. மைக்ரோசாஃப்டின் பவர் பி.ஐ., கூகுளின் லுக்கர் ஸ்டுடியோ, டாப்லோ என்று பல இருக்கின்றன. எல்லாமே கிளவுடில் ஓடக்கூடியவை. கிளவுட் என்றால் வானத்தில் எதுவும் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2015-இல் புனே, சென்னை, மும்பை ஆகிய மூன்று இடங்களில் தன் தரவு மையங்களைத் திறந்தது. அங்கிருக்கும் கணினிகளில் ஒரு பகுதியை நாம் வாடகைக்கு எடுக்கிறோம், அவ்வளவுதான். விராலிமலையிலிருந்து சென்னைக்குச் சில நூறு கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 400 கிலோமீட்டரைப் போய்த் திரும்ப அதற்கு 4 மில்லிநொடி போதும். தடை தூரத்தில் இல்லை. அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் ரவுட்டரில் இருக்கிறது.

நம் சர்வரின் முகவரி 192.168.1.10 என்று கொள்வோம். இதே முகவரி அறந்தாங்கியில் ஒரு ஜவுளிக்கடைக் கணினிக்கும் இருக்கும், பொன்னமராவதியில் ஒரு பள்ளியின் பிரிண்டருக்கும் இருக்கும், பிரேசிலில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சிக்கும் இருக்கும். 1996 பிப்ரவரியில் இணையப் பொறியாளர்கள் சில முகவரித் தொகுதிகளை உள்வலைகளுக்கென ஒதுக்கினார்கள். 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 என்று தொடங்குபவை ஆகியவை அவை. யார் வேண்டுமானாலும் தங்கள் கட்டடத்துக்குள் இவற்றைப் பயன்படுத்தலாம். பொது இணையத்தில் எந்த ரவுட்டரும் இவற்றைத் தேடிப் போகாது. காரணம் பற்றாக்குறை. இணைய முகவரியின் பழைய வடிவம் 32 பிட் நீளமுள்ளது. அதில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான் அடங்கும். உலக அளவில் அவற்றைப் பங்கிட்டுத் தரும் அமைப்பிடம் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி தீர்ந்தன.

ஆகவே ஒரு அலுவலகத்தின் இருபது கணினிகளும் ஒரே பொது முகவரியை வைத்துக்கொண்டு வெளியுலகோடு பேசுகின்றன. உள்ளேயிருந்து யாராவது வெளியே பேசத் தொடங்கினால், இன்ன கணினி, இன்ன போர்ட் (ஒரு நிரலுக்குரிய வாசல் எண்), இன்ன இடத்துக்குப் பேசுகிறது என்று ரவுட்டர் தன் அட்டவணையில் ஒரு வரி குறித்துக்கொள்கிறது. பதில் வரும்போது அந்த வரியைப் பார்த்து உரிய கணினிக்கு அனுப்புகிறது. வெளியிலிருந்து தானாக ஒரு அழைப்பு வந்தால் அட்டவணையில் வரியே இருக்காது. இருபதில் யாருக்கு என்று ரவுட்டருக்குத் தெரியாது, தள்ளிவிடும். சென்னையில் இருக்கும் டாஷ்போர்டு நம் டேட்டாபேஸைக் கூப்பிட்டால் நடப்பது இதுதான்.

இந்தியாவில் இன்னொரு அடுக்கும் உண்டு. கைப்பேசி இணையத்தையும் வீட்டு ஃபைபர் இணைப்பையும் எடுத்திருக்கும் பலருக்கு அந்த ஒற்றைப் பொது முகவரிகூடச் சொந்தமில்லை. இணைப்பு தரும் நிறுவனமே தன் பெரிய ரவுட்டருக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரியில் உட்கார வைத்துவிடுகிறது. 2012 ஏப்ரலில் இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி இந்த வரம்புக்குள் இருந்தால், நீங்களே விரும்பி உங்கள் கதவைத் திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து யாரும் உங்கள் வாசலுக்கு வந்து சேர முடியாது. நிலையான முகவரி வேண்டும் என்று தனியாகக் கேட்டு, தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும்.

பலர் அதைத்தான் செய்கிறார்கள். கட்டணம் கட்டி, ரவுட்டருக்குள் நுழைந்து, வெளியிலிருந்து 1433 என்ற போர்ட்டுக்கு வருவதை எல்லாம் 192.168.1.10-க்கு அனுப்பு என்று ஒரு விதி எழுதுகிறார்கள். 1433 மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரின் போர்ட். மை எஸ்.க்யூ.எல்.லுக்கு 3306, போஸ்ட்கிரெஸுக்கு 5432, ஆரக்கிளுக்கு 1521. விதி எழுதிய ஐந்தாவது நிமிடம் டாஷ்போர்டு வேலை செய்யும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. இந்த மகிழ்ச்சியைப் பார்க்கும்போது எனக்குக் கவலைதான் வருகிறது. டாஷ்போர்டு வரும் அதே வழியில் உலகமே வரலாம்.

2003 ஜனவரி 25, சனிக்கிழமை, இந்திய நேரம் காலை 11 மணியளவில் இது எவ்வளவு பெரிய ஆபத்து என்று உலகம் பார்த்தது. ஸ்லாமர் என்று பின்னர் பெயர் பெற்ற, தானாகப் பரவும் ஒரு கணினிப் புழு, எஸ்.க்யூ.எல். சர்வரின் 1434 போர்ட் வழியாகப் பரவியது. அதன் நீளம் 376 பைட். தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை அதன் எண்ணிக்கை இரட்டிப்பானது. தாக்கப்படக்கூடிய கணினிகளில் 90 சதவீதத்தைப் பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டது. குறைந்தது 75,000 கணினிகள். அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கியின் ஏ.டி.எம்.கள் ஆயிரக்கணக்கில் நின்றன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஆறு மாதத்துக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாமல் போர்ட்டை வெளியே காட்டி வைத்திருந்தவர்கள் அகப்பட்டார்கள். 2017 ஜனவரியில் வேறு விதமாக நடந்தது. பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தைப் பார்த்தபடி நின்ற மாங்கோ டி.பி. டேட்டாபேஸ்கள் பல்லாயிரக்கணக்கில் துடைக்கப்பட்டன. உள்ளே பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் மிஞ்சியது. பணம் கட்டிய பலருக்குத் தரவு திரும்பவில்லை, ஏனென்றால் அழித்தவர்கள் நகல் எடுத்தே வைத்திருக்கவில்லை. இணைய முகவரிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. விராலிமலையில் ஒரு சின்னக் கூடம்தானே, நம்மை யார் தேடி வரப்போகிறார்கள் என்ற எண்ணம் அங்கே உதவாது. அந்த நிரல்களுக்கு ஊரும் தெரியாது, தொழிலும் தெரியாது. எண்கள் மட்டுமே தெரியும்.

தீர்வு, அழைப்பின் திசையை மாற்றுவதில் இருக்கிறது. கிளவுட் நம்மைக் கூப்பிட வேண்டாம். நாம் கிளவுடைக் கூப்பிடுவோம். கூப்பிட்டபின் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டே இருப்போம். உள்வலையில் ஒரு கணினியில் கேட்வே என்னும் சிறு நிரல் நிறுவப்படுகிறது. அது வெளியே கிளவுடுக்கு ஒரு இணைப்பைத் தொடங்குகிறது. பெரும்பாலும் 443 என்ற போர்ட், அதாவது நாம் எந்த வங்கித் தளத்தைத் திறந்தாலும் பயன்படும் அதே போர்ட். ரவுட்டர் தன் அட்டவணையில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. இனி அந்த இணைப்பு உயிரோடு இருக்கும்வரை கிளவுடிலிருந்து வரும் எந்தச் செய்தியும் பதில் என்ற கணக்கில் உள்ளே வந்துவிடும். ரவுட்டரில் விதி வேண்டாம், நிலையான முகவரி வேண்டாம், பெரிய ரவுட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதும் ஒரு குறையில்லை.

புதுக்கோட்டைக் கண்மாய்களில் குமிழித்தூம்பைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும். பல்லவர், பாண்டியர் காலத்திலிருந்து வந்த கல்தூம்புகள் இந்த மாவட்டத்தில் இன்றும் பல கண்மாய்களுக்குள் நிற்கின்றன. இரண்டு உயர்ந்த கல்தூண்கள், நடுவே குறுக்குக் கற்கள், அவற்றின் வழியே இறங்கும் ஒரு தண்டு, அடியில் துளையை மூடியிருக்கும் குமிழ். இவை கரையில் இருப்பதில்லை; கரையிலிருந்து சற்று உள்ளே, நீருக்குள் இருக்கின்றன. தண்ணீர் தேவைப்படும்போது ஒருவர் நீந்திப் போய்க் குமிழைத் தூக்குவார். நீர் கரைக்கு அடியிலுள்ள சுருங்கை வழியே வயலுக்குப் போகும். கரையை எங்கும் வெட்டுவதில்லை. வயல் பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் அங்கிருந்தபடி மடையைத் திறக்க முடியாது. திறக்கும் இடம் கண்மாய்க்குள் இருக்கிறது. கேட்வேயில் நான் மதிப்பதும் இதையே: திறப்பும் மூடலும் உள்ளே இருப்பவர் கையில்.

பவர் பி.ஐ. கேட்வே எப்படி நடந்துகொள்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தம்பி கைப்பேசியில் டாஷ்போர்டைத் திறக்கிறார், அல்லது குறித்த நேரத்தில் ரிஃப்ரெஷ், அதாவது எண்களைப் புதுப்பிக்கும் வேலை, தொடங்குகிறது. கிளவுடில் ஒரு கேள்வி உருவாகிறது: இந்த மாதம் ஆர்டர்வாரியாக முடிந்த வெல்டுகளின் எண்ணிக்கை என்ன? அந்தக் கேள்வி, டேட்டாபேஸின் பயனர்பெயர், பாஸ்வேர்டு ஆகியவற்றோடு ஒரு வரிசையில் வைக்கப்படுகிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பின் வழியாகக் கேட்வே அதை எடுத்துக்கொள்கிறது. பாஸ்வேர்டு கிளவுடில் பூட்டப்பட்ட வடிவத்தில் மட்டுமே இருக்கிறது. பூட்டும் சாவி ஒன்று, திறக்கும் சாவி வேறு. திறக்கும் சாவி கேட்வே இருக்கும் கணினியை விட்டு நகர்வதில்லை. ஒரு சாவியை ஊரறிய வெளியிட்டுவிட்டு மற்றதை மட்டும் மறைத்து வைத்தால் போதும் என்ற இந்த எண்ணத்தை 1976-இல் டிஃபியும் ஹெல்மனும் முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமிர், ஆடல்மன் மூவரும் அதற்கு நடைமுறைக் கணிதம் கண்டார்கள். கேட்வே பாஸ்வேர்டைத் திறந்து, உள்வலையிலேயே டேட்டாபேஸைக் கேட்டு, விடையைச் சுருக்கி, மறைகுறியாக்கி மேலே அனுப்புகிறது. டேட்டாபேஸைப் பொறுத்தவரை பக்கத்து மேசைக் கணினி ஒன்று கேள்வி கேட்டிருக்கிறது, அவ்வளவே.

டாப்லோவில் இதே வேலையை பிரிட்ஜ் என்ற நிரல் செய்கிறது. லுக்கர் ஸ்டுடியோவின் வழக்கமான இணைப்புகள் அப்படி இல்லை, மை எஸ்.க்யூ.எல்., போஸ்ட்கிரெஸ் போன்றவற்றுக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரியைக் கேட்கின்றன, கூகுளின் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும்படி ஃபயர்வாலில் எழுதச் சொல்கின்றன. இலவசம் என்பதற்காக லுக்கர் ஸ்டுடியோவைத் தேர்ந்தெடுக்கும் சிறு நிறுவனங்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அங்கே என் யோசனை, தேவையான சுருக்க அட்டவணையை மட்டும் இரவில் உள்ளேயிருந்து ஒரு கூகுள் ஷீட்டுக்கோ கூகுளின் டேட்டாபேஸுக்கோ தள்ளிவிட்டு, அதிலிருந்து படம் வரைவது. திசை மறுபடியும் உள்ளிருந்து வெளியேதான். லினக்ஸ் தெரிந்தவர்கள் எஸ்.எஸ்.எச். என்னும் மறைகுறியாக்கிய இணைப்பால் ஆன சுரங்கத்தைத் தலைகீழாக, அதாவது உள்ளேயிருந்து வெளியே, போடுவார்கள். ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் பாஸ்வேர்டுகள் திருடப்பட்டதைத் தொடர்ந்து, 1995-இல் டாட்டு இலோனன் எழுதிய கருவி அது. டேலியில் கணக்கு வைத்திருப்பவர்களும் இதைக் கேட்கலாம்: டேலி தன் தரவை உள்வலையில் 9000 என்ற போர்ட்டில் பிற நிரல்களுக்குக் கொடுக்கும். அந்த 9000-ஐ ஒருநாளும் வெளியே திறக்காதீர்கள். உள்ளேயே ஒரு சின்ன நிரல் அதைப் படித்து மேலே அனுப்பட்டும்.

அடுத்த கேள்வி: ஒவ்வொரு முறையும் விராலிமலை சர்வரையே கேட்பதா, அல்லது தரவின் நகல் ஒன்றைக் கிளவுடில் வைத்துக்கொள்வதா? நேரடியாகக் கேட்டால் எண்கள் அந்த நொடிக்குரியவை. ஆனால் ஒரு டாஷ்போர்டுப் பலகையில் பன்னிரண்டு படங்கள் இருந்தால் பன்னிரண்டு கேள்விகள் கிளம்பும். மூன்று பேர் பார்த்தால் முப்பத்தாறு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002 முதல் ஓடும் ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லிநொடி. அது யாருக்கும் உறைக்காது. உறைப்பது, பத்து லட்சம் வரிசைகளைத் தலையிலிருந்து கால்வரை படிக்கும் நம் பழைய சர்வரின் முனகல். அந்த நேரத்தில் வாசலில் லாரி எடைபோட்டு நிற்கும், பில் போடும் பெண் திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். சில டேட்டாபேஸ்களின் இயல்பான அமைப்பில், ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் வரிசையில் மற்றவர் எழுத முடியாமல் நிற்கவும் நேரும். தம்பிக்குப் படம் காட்டப் போய் அண்ணனின் வேலை நிற்கக்கூடாது. தொழிற்கூடத்துக்கும், அரிசி ஆலைக்கும், முந்திரிப் பருப்பு நிலையத்துக்கும் நகல் முறையே போதும் என்பது என் கருத்து. பவர் பி.ஐ.யின் புரோ சந்தாவில் நாளுக்கு 8 முறை நகலைப் புதுப்பிக்கலாம். அதற்குமேல் அவசரம் பெரும்பாலும் இருப்பதில்லை.

நகல் என்றதும் மொத்தத்தையும் எட்டு முறை அனுப்ப வேண்டாம். ஒரு வரிசைக்கு 200 பைட் என்றால் பத்து லட்சம் வரிசைகள் 20 கோடி பைட், அதாவது சுமார் 200 எம்.பி. நாளுக்கு எட்டு முறை என்றால் 1.6 ஜி.பி. ஒரு நாளில் புதிதாகச் சேர்வது 2,000 வரிசைகள் என்றால் வெறும் 400 கே.பி. மாறியதை மட்டும் அனுப்பும்படி அமைத்துவிட்டால் கைப்பேசி இணையமே தாங்கும். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் சுருங்கும். உதாரணமாக, புதுக்கோட்டை மாவட்டத்தில் 12 வட்டங்கள். வட்டத்தின் பெயரை ஒவ்வொரு வரிசையிலும் எழுதாமல், பன்னிரண்டு பெயரையும் ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு வரிசைகளில் எண்ணை மட்டும் போட்டால், அந்த எண்ணுக்கு 4 பிட் போதும்.

பெயர் என்றதும் தமிழர்களுக்கே உரிய ஒரு தொல்லைக்கு வருகிறேன். இதை ஆங்கிலக் கையேடுகள் சொல்லித் தருவதில்லை. யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அலுவலகங்கள் வெகுகாலம் பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்தன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்களைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது. யூனிகோடை ஏற்கும் அரசாணை 2010-இல் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்த வாடிக்கையாளர் பெயர்கள், ஊர்ப்பெயர்கள், நில விவரங்கள் எல்லாம் பல டேட்டாபேஸ்களில் அந்தப் பழைய குறியேற்றத்திலேயே கிடக்கின்றன. உள்ளே, அந்த எழுத்துரு நிறுவிய கணினியில் பார்த்தால் அழகான தமிழ். கிளவுடில் அந்த எழுத்துரு இல்லை. டாஷ்போர்டில் புள்ளியும் கோடும் வெளிநாட்டு எழுத்துமாக ஏதோ வரும். கேட்வே கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் கழற்றி மாட்டுவதில் பயனில்லை. நகல் எடுக்கும் வழியில் ஒரு மாற்றி வேண்டும்.

வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால் அது வேறு நோய். யூனிகோடைத் தாங்காத வகையில் அமைத்த கட்டத்துக்குள் யாரோ தமிழை எழுதியிருக்கிறார்கள். எழுதிய நொடியிலேயே எழுத்துகள் போய்விட்டன. கிளவுட் காட்டுவது உண்மையைத்தான். அந்தப் பெயர்களைக் காகிதத்திலிருந்து மறுபடி ஏற்றுவதைத் தவிர வழியில்லை.

மூன்றாவது இன்னும் நுட்பமானது. புதுக்கோட்டை என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ‘கோ’வின் துணைக்குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியாக இடலாம், அல்லது ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இடலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. முதல் விதத்தில் பெயருக்கு 12 குறிகள், இரண்டாவதில் 13. பைட்டுக்குப் பைட் ஒப்பிடும் டேட்டாபேஸுக்கு இவை இரு வேறு ஊர்கள். ஒரு கிளையில் ஒரு விசைப்பலகை நிரல், மற்ற கிளையில் வேறொன்று என்று இருந்தால், டாஷ்போர்டில் புதுக்கோட்டை இரண்டு பட்டைகளாக நிற்கும், இரண்டின் விற்பனையும் குறைவாகத் தெரியும். யூனிகோடிலேயே இதற்கு மருந்து உண்டு: ஒப்பிடுவதற்கு முன் எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறை. நகல் எடுக்கும் படியில் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் ஆகும். புதுக்கோட்டைக்கு 36 பைட். 20 பைட் போதும் என்று ஆங்கிலத்தை மனதில் வைத்து அமைத்த கட்டத்தில் ஊர்ப்பெயர் பாதியில் அறுந்து நிற்கும்.

நேரமும் இப்படியே ஏமாற்றும். கிளவுட் கணினிகள் கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நாம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியவர்கள். இன்று என்று கிளவுடைக் கேட்டால், நமக்கு விடிகாலை 5:30 ஆகும்வரை அது நேற்றைய தேதியையே சொல்லும். ஒன்பது மணிக்குத் திறக்கும் கடைக்கு இது தெரியாமலே போகலாம். கிராமத்துப் பால் சங்கத்தில் விடியுமுன்பே கேன் வந்து இறங்கி, கொழுப்பு பார்த்து, லிட்டர் பதிவாகிவிடுகிறது. ஐந்து மணிக்குப் பலகையைப் பார்க்கும் செயலாளருக்கு இன்று என்ற கட்டத்தில் நேற்றைய பால் தெரியும். இந்த ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் கணக்கிடும்படி அறிக்கையில் எழுதிவிட வேண்டும்.

அரசு அளவில் இதே சிக்கலுக்கு வேறு பாதை எடுத்திருக்கிறார்கள். தமிழக அரசு நிறுவனமான எல்காட் நடத்தும் மாநிலப் பெரும்பரப்பு வலையமைப்பு தலைமைச் செயலகத்தையும், மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களையும், வட்டாட்சியர் அலுவலகங்களையும், ஒன்றியங்களையும் பொது இணையத்துக்கு வெளியே ஒரே உள்வலையாகக் கட்டியிருக்கிறது. புதுக்கோட்டையின் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்துக் கணினியும் சென்னையிலுள்ள மாநிலத் தரவு மையமும் ஒரே வேலிக்குள் இருப்பவை. 2021 டிசம்பரில் தலைமைச் செயலகத்தில் முதலமைச்சருக்கென்று ஒரு டாஷ்போர்டு தொடங்கப்பட்டபோது, அணை நீர்மட்டம், மழையளவு, உணவுப்பொருள் வழங்கல் என்று பல துறைகளின் எண்கள் ஒரே திரைக்கு வந்தன. துறைகள் தனித்தனியே டேட்டாபேஸ் வைத்திருக்கும்போது, ஒவ்வொன்றிலிருந்தும் எதை, எத்தனை மணிக்கு ஒருமுறை, யார் பொறுப்பில் மேலே அனுப்புவது என்ற கேள்வி விராலிமலைக் கூடத்துக்கு எழுந்த அதே கேள்விதான். சொந்த வேலி கட்ட அரசுக்கு வசதி இருக்கிறது. சிறு தொழிலுக்குக் கேட்வே அந்த வசதியைக் குறைந்த செலவில் தருகிறது.

கேட்வே வைத்துவிட்டால் ஆபத்தே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வெளியிலிருந்து புழு நுழையும் வழி அடைபட்டது. ஆனால் தம்பியின் கணக்கைத் திருடியவர் தம்பி பார்ப்பதையெல்லாம் பார்ப்பார். கேட்வேக்குக் கொடுத்த டேட்டாபேஸ் பயனருக்கு எழுதவும் அழிக்கவும் உரிமை இருந்தால், கேட்வே கணினியைக் கைப்பற்றியவர் அழிப்பார். நிர்வாகியின் பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே கேட்வேக்குக் கொடுத்துவிடுவது நான் மிக அதிகமாகக் காணும் பழக்கம். மிக எளிதாக மாற்றக்கூடியதும் அதுவே. படிக்க மட்டும் உரிமையுள்ள தனிப் பயனர் ஒருவரை உண்டாக்குங்கள். அவருக்கும் முழு அட்டவணையைக் காட்டாமல், தேவையான பத்தியை மட்டும் காட்டும் பார்வை அட்டவணை ஒன்றை எழுதிக் கொடுங்கள். உற்பத்தி எத்தனை டன் என்று அறியத் தொழிலாளியின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் கிளவுடுக்குப் போக வேண்டியதில்லை. மருத்துவமனை என்றால், எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்ட நோயாளியின் பெயர் வேண்டாம். 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு எடுக்கத் தவறியவர்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. சட்டத்துக்கு அஞ்சியாவது செய்யலாம். நம்மை நம்பி விவரம் கொடுத்தவர்களுக்காகச் செய்தால் இன்னும் நல்லது.

கேட்வே எந்தக் கணினியில் என்பதிலும் கவனம் வேண்டும். கணக்காளரின் மடிக்கணினியில் நிறுவினால், அவர் மூடிவைத்து வீட்டுக்குப் போனதும் இணைப்பு அறும். எப்போதும் ஓடும், தூங்கப் போகாத, வயரில் இணைந்த, யு.பி.எஸ். உள்ள ஒரு கணினி போதும். புதியதாக இருக்க வேண்டியதில்லை. மின்வெட்டில் ரவுட்டரும் அணைந்துவிடும் என்பதால் ரவுட்டரையும் அதே யு.பி.எஸ்.ஸில் மாட்ட வேண்டும். பவர் பி.ஐ.யில் ரிஃப்ரெஷ் தொடர்ந்து நான்கு முறை தோற்றால் புதுப்பிக்கும் கால அட்டவணை தானாக நின்றுவிடும். ஒருநாள் மின்வெட்டு அதற்குப் போதும். பிறகு யாராவது போய்ச் சொல்லும்வரை பலகை பழைய எண்களையே காட்டிக்கொண்டிருக்கும். கடைசியாகப் புதுப்பித்த நேரத்தைப் பலகையின் தலையிலேயே பெரிதாகப் போட்டுவிட்டால் சிங்கப்பூரிலிருந்து போன் வந்துவிடும்.

கேட்வேயை நிறுவும்போது மீட்புச் சாவி ஒன்றை உருவாக்கச் சொல்லும். கணினி பழுதானால் வேறொன்றில் அதே கேட்வேயை எழுப்ப அது இல்லாமல் முடியாது. மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத்தர இயலாது. பெரும்பாலான இடங்களில் இந்தச் சாவி கேட்வேயை நிறுவிய இளைஞரின் நினைவில் மட்டுமே இருக்கிறது, கேட்வேயும் அவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. அவர் வேலை மாறிப் போவார். நிறுவனத்தின் பெயரிலுள்ள ஒரு மின்னஞ்சலில் பதிவு செய்து, குறைந்தது இருவரை நிர்வாகியாக்கி, மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி, பத்திரங்களும் பங்குதாரர் ஒப்பந்தமும் இருக்கும் அதே பீரோவில் வைக்க வேண்டும். ஒருவர் விலகும் நாளில் அவர் பெயரை நீக்கி, டேட்டாபேஸ் பயனரின் பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். முன்பு ரவுட்டரில் 1433-க்கு விதி எழுதியிருந்தால், கேட்வே ஓடத் தொடங்கிய அன்றே அதை அழித்துவிட்டு, அலுவலகத்துக்கு வெளியே ஒரு கைப்பேசி இணைப்பிலிருந்து அந்தப் போர்ட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். பதில் வரக்கூடாது.